விசுவாசம் யாருக்கு?

2025 செப்டம்பர் 27-ம் தேதி இரவு கரூரில் 41 உயிர்கள் பலியாயின. நடிகர் விஜய்யின் தலைமையிலான தமிழக வெற்றிக் கழகத்தின் பிரசாரக் கூட்டத்துக்கு வந்த ஜனங்கள் அவர்கள். பகலெல்லாம் காத்துக் கிடந்தார்கள். தலைவர் வந்து சேர்ந்தபோது இரவாகி விட்டது. கூட்டம் நெருக்கியது, மூச்சுத் திணறி மாண்டார்கள். மாண்டவர்களில் பெண்கள் உண்டு. பச்சிளம் குழந்தைகளும் உண்டு. அந்தக் குடும்பங்களின் துயரத்தில் நாமும் பங்கு கொள்கிறோம்.

விசாரணையை அவ்வாண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. யார் மீது எவ்வளவு குற்றம் என்பதை விசாரணை வரையறுக்கட்டும். அதற்கு முன்னால் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. ஒரு தலைவரை ஒரு கணம் பார்ப்பதற்காகத் தாய்மார்கள் கைக்குழந்தையுடன் நாள் முழுதும் சோறு தண்ணீர் இல்லாமல் நிற்கிறார்களே, ஏன்? அவ்வளவு பேரை நிற்க வைத்தோமே என்ற கூச்சம் அரசியல் தலைவர்களுக்கு ஏற்படுவதில்லையே, ஏன்? தலைவர்களுக்கு மக்கள் கடன்பட்டவர்களா, மக்களுக்குத் தலைவர்கள் கடன்பட்டவர்களா?

இது ஒரு கட்சியைப் பற்றிய கேள்வி அல்ல. 1992 பிப்ரவரி 18-ம் தேதி கும்பகோணம் மகாமகக் குளத்தில் அன்றைய முதல் மந்திரி ஜெயலலிதா நீராட வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் சுமார் ஐம்பது பேர் மடிந்தார்கள். 2017 நவம்பரில் கோவையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையில் எழுப்பிய அலங்கார வளைவு ஓர் இளம் எஞ்சினீயரின் உயிரைக் குடித்தது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், ஆளும் கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு வைத்த பேனர் சரிந்து விழ, வேலை முடிந்து வீடு திரும்பிய இளம் பெண் ஒருவர் ஸ்கூட்டரோடு சாய்ந்து தண்ணீர் லாரிச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். தலைவர்கள் மாறுகிறார்கள், கொடிகள் மாறுகின்றன. பலியாவது மட்டும் எப்போதும் சாதாரண ஜனங்கள்தான்.

ராஜ விசுவாசத்தின் மிச்சம்

இந்த வியாதி எங்கிருந்து வந்தது? தமிழனின் பிறவிக் குணம் என்று சிலர் கையை விரிக்கிறார்கள். சினிமா மோகம் என்று சிலர் முடித்து விடுகிறார்கள். இரண்டும் மேலெழுந்தவாரியான பேச்சு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் "ராஜ விசுவாசம்" என்று ஒரு சொல் வழங்கியது. ராஜ விசுவாசிக்கு ராவ் பகதூர் பட்டம் கிடைத்தது. தர்பாரில் நாற்காலி கிடைத்தது. விசுவாசம் இல்லாதவன் மீது "ராஜத்துவேஷம்" என்ற குற்றம் பாய்ந்தது. இந்தியன் பீனல் கோடின் 124-ஏ பிரிவு அதற்காகவே உண்டாக்கப்பட்டது. அந்தப் பிரிவின்படி சர்க்காரிடம் அன்பில்லாமல் இருப்பதைத் தூண்டுவதே குற்றம்! தூத்துக்குடி மில் தொழிலாளர்களின் பக்கம் நின்ற வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908-ல் தண்டிக்கப்பட்டது இந்தக் குற்றத்துக்குத்தான். கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தார். ராவ் பகதூர்களின் பெயர்களை இன்று யார் நினைக்கிறார்கள்? துரோகி என்று முத்திரை குத்தப்பட்டவரின் பெயரை நாடு போற்றுகிறது.

பட்டணத்தில் ராஜ விசுவாசம் என்றால் கிராமத்தில் பண்ணை விசுவாசம். கீழத்தஞ்சையில் பண்ணையாள் மிராசுதாரின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சவுக்கடி, சாணிப்பால். இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியவர் யார்? மனமிரங்கிய மிராசுதாரா? இல்லை. 1940-களில் பி. சீனிவாச ராவ் போன்ற தோழர்களின் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கண்டார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கூடவே நிமிர்ந்து நிற்கும் உரிமையையும் கேட்டார்கள். வாங்கிக் காட்டினார்கள். சீனிவாச ராவ் கர்நாடகத்திலிருந்து வந்தவர். தம் காலில் விழும்படி அவர் யாரையும் கேட்கவில்லை. யார் காலிலும் விழாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் அந்தக் கிராமங்களில் அவர் பெயருக்கு இன்றும் மரியாதை இருக்கிறது.

ராஜாவும் போனார், பண்ணையாரின் பழைய அதிகாரமும் பெரும்பாலும் போயிற்று. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில், அதே விசுவாசத்தை எதிர்பார்த்துப் புதிய தலைவர்கள் வந்து உட்கார்ந்து விட்டார்கள். அமைச்சர்கள் வரிசையாக நின்று தலைவரின் காலில் விழும் காட்சியைத் தமிழ்நாடு கண்டது. கட்சிக்குள் தேர்தல் என்பது சடங்காயிற்று. தலைவரின் மகன், மருமகன், பேரன் என்று வாரிசுரிமை வந்தது. நிலப்பிரபுத்துவத்தின் பழக்கத்தை முதலாளித்துவம் விளம்பரப் பலகையில் எழுதி வைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உப்பு யாருடையது?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் பழமொழி. செஞ்சோற்றுக் கடன் தீர்ப்பதைத் தமிழ் மக்கள் பெரிய தர்மமாகக் கருதுகிறார்கள். நல்ல குணம்தான். ஆனால் இந்த நல்ல குணத்தைத்தான் தலைவர்கள் வியாபாரப் பொருளாக்கி விட்டார்கள்.

அரிசி கொடுத்தோம், சைக்கிள் கொடுத்தோம், மடிக்கணினி கொடுத்தோம், மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தோம். ஆகவே விசுவாசமாக இரு என்கிறார்கள். யார் வீட்டுப் பணம் அது? ஏழைத் தாய் வாங்கும் சோப்புக் கட்டியிலும் தீப்பெட்டியிலும் வசூலான வரிப்பணம். அந்த உதவிகள் ஜனங்களுக்குத் தேவை. அவற்றை நாம் வரவேற்கிறோம். பலவற்றுக்காக நாமே போராடியிருக்கிறோம். ஆனால் பொதுப் பணத்தில் வாங்கிய பொருளின் மீது சொந்தப் படத்தை ஒட்டி, அதைத் தம் கொடையாகக் காட்டுவது என்ன நியாயம்? சர்க்கார் விளம்பரங்களில் ஜனாதிபதி, பிரதம மந்திரி, சுப்ரீம் கோர்ட்டுப் பிரதம நீதிபதி ஆகிய மூவரின் படங்கள் மட்டுமே வரலாம் என்று 2015 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. பல மாநில சர்க்கார்கள் பதறிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடின. 2016 மார்ச்சில் முதல் மந்திரிகளின், மந்திரிகளின் படங்களுக்கும் அனுமதி பெற்றுக்கொண்டுதான் ஓய்ந்தன. எத்தனையோ மக்கள் பிரச்னைகளில் காட்டாத சுறுசுறுப்பு!

உண்மையில் உப்பைப் போட்டவர்கள் மக்கள். தின்றவர்கள் தலைவர்கள். சம்பளம், கார், பங்களா, காவல் எல்லாம் மக்கள் இட்ட சோறு. செஞ்சோற்றுக் கடன் இருப்பது தலைவரின் தலையில்தான்.

அந்தக் கடனை அவர்கள் யாருக்குத் தீர்க்கிறார்கள் என்பதைத் தேர்தல் பத்திர விவகாரம் அம்பலப்படுத்தியது. 2018-ல் மோடி சர்க்கார் கொண்டு வந்த இந்த ஏற்பாட்டின்படி, எந்த முதலாளி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது ஓட்டுப் போடும் பிரஜைக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு இதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. வழக்குத் தொடர்ந்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. கணக்கு வெளியே வந்தபோது, அதிகப் பணம் பெற்றது பாரதிய ஜனதா கட்சி என்று தெரிந்தது. அதிகமாகக் கொடுத்தது கோவையைச் சேர்ந்த ஒரு லாட்டரிக் கம்பெனி. ஆயிரத்து முன்னூறு கோடி ரூபாய்க்கும் மேலே! தமிழ்நாட்டின் இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளும் பத்திரப் பணம் பெற்றவைதான். தொண்டனிடம் விசுவாசம் கேட்கிறார்கள். தாங்கள் யாருக்கு விசுவாசம் என்பதை மட்டும் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

மரியாதை வேறு, பக்தி வேறு

"அப்படியானால் தலைவர்களுக்கு மரியாதையே கூடாதா? தலைமை இல்லாமல் இயக்கம் நடக்குமா?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மரியாதை வேண்டும். தலைமையும் வேண்டும். தாம்பரத்துக் குடிசையில் வாழ்ந்த ஜீவாவை மாற்றுக் கட்சியினரும் மதித்தார்கள். அது உழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் தானாக வந்த மதிப்பு. பேனர் வைத்து வாங்கிய மதிப்பல்ல. ஆனால் மரியாதை ஒரு நாளும் கணக்குக் கேட்கும் உரிமையைப் பறித்து விடக் கூடாது.

இந்த உண்மையைத் தமிழ்நாட்டு வாக்காளர்கள் அழகாக நிரூபித்திருக்கிறார்கள். காமராஜரை மதிக்காத தமிழன் உண்டா? பள்ளிக்கூடம் திறந்தவர், மதிய உணவு போட்டவர், தமக்கென்று சொத்துச் சேர்க்காதவர். ஆயினும் 1967-ல் அரிசிப் பஞ்சமும், 1965 மொழிப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிப் பிரயோகமும் மக்கள் மனத்தைச் சுட்டிருந்தன. காங்கிரஸ் சர்க்காரின் கணக்கைத் தீர்க்கும்போது, சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராஜரை ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கடித்தார்கள். அடுத்து 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவரையே பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். இதில் நன்றி கெட்டதனம் எங்கே இருக்கிறது? மதிப்பை மதிப்பாகவும் கணக்கைக் கணக்காகவும் வைத்த தெளிவு இது. 1977-ல் ரேபரேலி மக்கள் இந்திரா காந்தியையும், 1996-ல் பர்கூர் மக்கள் ஜெயலலிதாவையும் தோற்கடித்தபோது அதே தெளிவுதான் வேலை செய்தது.

அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25-ம் தேதி டாக்டர் அம்பேத்கர் விடுத்த எச்சரிக்கையை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். மதத்தில் பக்தி மோட்சத்துக்கு வழியாக இருக்கலாம். அரசியலில் பக்தியோ சீரழிவுக்கும், முடிவில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று அவர் கூறினார். எவ்வளவு பெரிய மனிதரானாலும் அவர் காலடியில் சுதந்திரத்தை வைக்காதீர்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னபோது நேருவும் பட்டேலும் ஆட்சியில் இருந்தார்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற தலைவர்களைப் பற்றியே அந்த எச்சரிக்கை என்றால், இன்றுள்ளவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

எந்த இயக்கத்துக்கும் இதில் விதிவிலக்குக் கிடையாது. தம்மைப் புகழ்ந்து வந்த பாராட்டுகளை வெளியிட விடாதவர் காரல் மார்க்ஸ். அவர் பெயரால் நடந்த ஆட்சியிலேயே தனிநபர் வழிபாடு தலையெடுத்தது. 1956-ல் சோவியத் கட்சியின் 20-வது காங்கிரஸ் அதைக் கண்டனம் செய்தது. விமர்சனம் இல்லாத இடத்தில் நல்ல லட்சியமும் அழுகிப் போகும் என்பதே அதன் படிப்பினை. மார்க்ஸ் உயர்த்திப் பிடித்த முன்மாதிரி 1871-ம் வருஷத்துப் பாரிஸ் கம்யூன். அங்கே பிரதிநிதிக்குத் தொழிலாளியின் சம்பளம்தான். வேலை சரியில்லை என்றால் தேர்ந்தெடுத்தவர்களே எந்த நேரத்திலும் திருப்பி அழைக்கலாம். நம் நாட்டிலோ சட்டசபை உறுப்பினர் தொகுதிப் பக்கம் ஐந்து வருஷம் தலைகாட்டாவிட்டாலும் திருப்பி அழைக்க வழியில்லை.

கேள்வி கேட்டால் துரோகியா?

கணக்குக் கேட்பவனைத் துரோகி என்று சொல்லும் பழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் ஒழியவில்லை. 124-ஏ பிரிவைச் சுதந்திர இந்தியாவின் சர்க்கார்கள் பத்திரமாகக் காப்பாற்றி வைத்தன. பீகாரைச் சேர்ந்த இடதுசாரி ஒருவரின் வழக்கில், கேதார்நாத் சிங் வழக்கு என்று பெயர், 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் எல்லை வகுத்தது. சர்க்காரை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் குற்றமில்லை. வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டினால்தான் குற்றம் என்றது. அந்த எல்லையைப் போலீஸ்காரர்கள் மதித்தார்களா? 2015 அக்டோபரில், டாஸ்மாக் சாராயக் கடைகளை மூடச் சொல்லிப் பாட்டுப் பாடிய கோவன் என்ற மக்கள் பாடகர் திருச்சியில் நள்ளிரவில் ராஜத்துவேஷக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். குடியால் தாலியறுந்த பெண்களுக்காகப் பாடியது துரோகம். குடியை விற்றது விசுவாசம்!

2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு 124-ஏ பிரிவை நிறுத்தி வைத்தது. ஒழிந்தது என்று ஜனங்கள் நினைத்தார்கள். 2024 ஜூலை 1-ம் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 152-வது பிரிவாக வேறு உடை உடுத்தி அது திரும்பி வந்தது. பழைய பிரிவில் ஆயுள் தண்டனை இல்லையேல் மூன்று வருஷம் என்றிருந்தது. புதியதில் அது ஏழு வருஷமாயிற்று.

அவதூறு வழக்கு இன்னோர் ஆயுதம். தமிழ்நாட்டில் ஜெயலலிதா ஆட்சிக் காலத்தில் ஐந்து வருஷங்களில் இருநூறுக்கு மேற்பட்ட அவதூறு வழக்குகள் சர்க்கார் சார்பில் தொடரப்பட்டன. பத்திரிகைகள் மீதும் எதிர்க்கட்சிகள் மீதும் பாய்ந்த இந்த வழக்குகளை 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. பொது வாழ்க்கையில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2020 மே மாதம் சென்னை ஹைகோர்ட்டு பத்திரிகையாளர்கள் மீதிருந்த பல வழக்குகளை ரத்து செய்தது. ஆனால் அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருக்கும் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

மக்கள் பறித்த உரிமை

கணக்குக் கேட்க இன்று நம் கையிலுள்ள கருவிகள் எதையும் தலைவர்கள் மனமுவந்து கொடுத்து விடவில்லை. 1994 முதல் ராஜஸ்தான் கிராமங்களில் கூலி வேலை செய்த ஏழைகள் ஊர் நடுவே கூடி, "எங்கள் பெயரில் எழுதிய கூலிப் பட்டியலைப் படியுங்கள்" என்றார்கள். செத்துப் போனவர்களின் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அம்பலமாயிற்று. 1996-ல் பியாவர் என்ற ஊரில் நாற்பது நாட்கள் தெருவிலேயே உட்கார்ந்தார்கள். எழுத்தறியாத அந்த ஏழைகளின் கோரிக்கைதான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. வேட்பாளர் தம் சொத்தையும் கிரிமினல் வழக்குகளையும் வெளியிட வேண்டும் என்பதும் 2002, 2003-ம் வருஷங்களில் பிரஜைகள் வழக்காடிப் பெற்றது. அப்போது பார்லிமெண்டில் கட்சி வித்தியாசமின்றி ஆட்கள் சேர்ந்து அதை முடக்கப் பார்த்ததை நாம் மறக்கவில்லை.

பெற்றதைப் பறிக்கும் வேலையும் நடக்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தித் தகவல் கமிஷனர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மத்திய சர்க்கார் தன் கைப்பிடிக்குள் கொண்டு வந்தது. 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்பு என்ற பெயரில் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம், அதிகாரிகள் தகவலை மறுக்க அகலமான கதவைத் திறந்து வைத்தது. தலைவரைப் பார்க்க ஜனங்கள் திரண்டால் அவர்களுக்குச் சந்தோஷம். தலைவரின் கணக்கைப் பார்க்கத் திரண்டால் சங்கடம்!

ஆகவே நாம் கோருவது இதுதான். 152-வது பிரிவை நீக்க வேண்டும். அவதூறைக் கிரிமினல் சட்டத்திலிருந்து எடுத்து விட வேண்டும். தகவல் அறியும் உரிமையைப் பழைய பலத்துடன் மீட்க வேண்டும். சர்க்கார் பொருளில் ஆட்சியாளர் படம் கூடாது. கூட்டம் நடத்தும் கட்சி, எந்தக் கட்சியானாலும் சரி, தண்ணீருக்கும் வைத்திய உதவிக்கும் நேரம் தவறாமைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகக் கூட்டம் கூடும் உரிமையையே போலீசாரின் தயவில் விடும் கட்டுப்பாடுகளையும் நாம் ஏற்க மாட்டோம்.

தொழிலாளித் தோழர்களுக்கும் விவசாயிகளுக்கும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூட்டுவதென்று ஏற்பாடு. அந்த ஆறு நாளும் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரின் சொத்துப் பத்திரத்தைப் பத்துப் பேர் கூடிப் படியுங்கள். ஐந்து வருஷத்தில் எவ்வளவு பெருத்தது என்று கேளுங்கள். கரூரில் காத்துக் கிடந்த அந்தப் பொறுமையில் ஒரு பங்கு தாலுகா ஆபீஸ் வாசலில் கூடினால், தலைவர்கள்தான் ஜனங்களுக்காகக் காத்திருக்க நேரிடும்.

கேட்பவனை யாராவது விசுவாசமற்றவன் என்று ஏசினால் வெட்கப்பட வேண்டாம். நமக்கு விசுவாசம் உண்டு. உழுகிறவனிடமும், நெய்கிறவனிடமும், சாக்கடை அள்ளுகிறவனிடமும் உண்டு. அவர்களின் உரிமையை எழுதி வைத்த அரசியல் சட்டத்திடம் உண்டு. தலைவர்கள் அவர்களுக்கு விசுவாசமாக இருக்கும் வரையில் மரியாதை தருவோம். தவறினால் கணக்கைத் தீர்ப்போம்.